பால்புட்டியும் பாதி ராத்திரியும்

(அங்கன்வாடி ஒன்றில் நடந்த தாய்மார் கூட்டத்தில் குழந்தைகள் பல் மருத்துவர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். மைக் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பின்வரிசையில் இரண்டு குட்டிகள் மடியில் தூங்குகிறார்கள். அவர்கள் எழுந்துவிட்டால் அப்புறம் நான் பேசின மாதிரிதான்.

சில நாட்களுக்கு முன் ஒரு பாட்டி, இரண்டரை வயதுப் பேரனை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தார். பையனுக்கு நான் விளையாட்டுக் காட்டினேன், சிரித்தான். ஆனால் சிரிக்கும்போதே மேலுதட்டைக் கீழே இழுத்துப் பிடித்துக்கொண்டான். அந்த வயதில் இதை யார் சொல்லிக்கொடுத்திருப்பார்கள்? உதட்டைத் தூக்கிப் பார்த்தேன். மேல் முன்பற்கள் நான்கும் கரைந்து, ஈறோரத்தில் பழுப்பு முனைகள் மட்டும் நின்றன. கீழே முன்பற்கள் நான்கும் பச்சரிசி மாதிரி வெள்ளை வெளேர்.

"மேல் பல்லு அவங்கப்பா வழி டாக்டர், அவருக்கும் சின்ன வயசுல இப்படித்தான்" என்றார் பாட்டி. "சரிம்மா, ராத்திரி என்ன கொடுப்பீங்க?" என்று கேட்டேன். "பால்தான். ரெண்டு ஸ்பூன் சர்க்கரை போட்டுப் புட்டியில கொடுத்துடுவேன். வாயிலேயே வச்சுக்கிட்டுத் தூங்கிடுவான். அவனா விட்டா எடுத்துடுவேன், இல்லைன்னா விடியுற வரைக்கும் இருக்கும்."

மேல் பல் போய், கீழ்ப் பல் தப்பித்ததற்குக் காரணம் அந்தப் பதிலிலேயே இருக்கிறது. குழந்தை ரப்பரைச் சப்பும்போது நாக்கு நீண்டு கீழ் முன்பற்களை மூடிக்கொள்ளும். நாக்குக்கு அடியில்தான் எச்சில் சுரப்பிகளின் வாயும் திறக்கிறது. ஆக, கீழ்ப்பல்லுக்குப் போர்வையும் உண்டு, குளியலும் உண்டு. மேல் பல்லுக்கு இரண்டும் கிடையாது. பால் அங்கேதான் தேங்கும்.

இந்த எச்சிலை நாம் மதிப்பதே இல்லை. பகலில் எதைச் சாப்பிட்டாலும் வாயில் இருக்கும் கிருமிகள் அதிலுள்ள சர்க்கரையைத் தின்று அமிலமாக்கும். அந்த அமிலம் பல்லில் இருக்கும் சுண்ணாம்புச் சத்தைக் கரைக்க ஆரம்பிக்கும். எச்சில் வந்து கழுவி, அமிலத்தை முறித்து, கரைந்த சத்தைக் கொஞ்சம் திருப்பியும் வைத்துவிட்டுப் போகும். இதற்குச் சுமார் அரை மணி நேரம் ஆகும். ஆனால் தூங்கும்போது எச்சில் ஊறுவது கிட்டத்தட்ட நின்றுவிடுகிறது. விழித்திருக்கும் குழந்தை வாயில் அரை மணியில் முடிகிற வேலை, தூங்கும் வாயில் மணிக்கணக்காக நடக்கிறது. பால்பல்லின் எனாமலும், அதாவது பல்லின் மேலே இருக்கும் கடினமான உறையும், பெரியவர்கள் பல்லில் இருப்பதில் ஏறக்குறையப் பாதிக் கனம்தான். எவ்வளவு நாள் தாங்கும்?

நம் ஊரில் இதைப் 'பூச்சிப்பல்' என்போம். கண்டங்கத்திரி விதையைச் சுட்டுப் புகை பிடித்தால் பூச்சி விழும் என்று இன்னமும் கூட்டிப்போகிறவர்கள் இருக்கிறார்கள். பல்லில் புழு என்ற நம்பிக்கை உலகம் முழுக்க இருந்ததுதான். பிரான்சில் பியர் ஃபோஷார் என்ற பல் மருத்துவர் 1728-லேயே அப்படியொரு புழு கிடையாது என்று எழுதிவிட்டார். நமக்குச் சேதி வர இவ்வளவு நாளாகிறது! கிருமி உண்டு, ஆனால் அது கண்ணுக்குத் தெரியாது. பெரும்பாலும் வீட்டுப் பெரியவர்கள் வாயிலிருந்துதான் குழந்தைக்குப் போகிறது. சூடு பார்க்க நாம் ருசி பார்த்த அதே ஸ்பூன், கீழே விழுந்த ரப்பரை நாம் ஒரு சப்புச் சப்பிக் குழந்தை வாயில் வைப்பது, இப்படி.

"அப்படியென்றால் பாலே கொடுக்கக் கூடாதா?" முன்னால் இருக்கும் தங்கச்சி முகத்தில் இந்தக் கேள்வி தெரிகிறது. கொடுங்கள், தாராளமாகக் கொடுங்கள். சர்க்கரை போடாத மாட்டுப்பால் தனியாகப் பெரிய கெடுதல் செய்வதில்லை. அதில் இருக்கும் கால்சியம் பல்லுக்கு நல்லதும்கூட. ஒரு டம்ளர் பாலில் தன்னாலேயே இரண்டு ஸ்பூன் அளவுக்கு இனிப்பு இருக்கிறது. அதன்மேல் நாம் இன்னும் இரண்டு ஸ்பூன் போடுகிறோம். வெள்ளைச் சர்க்கரையில் இன்னொரு சிக்கலும் உண்டு: கிருமி அதை வைத்துப் பசை மாதிரி ஒன்றைத் தயாரித்துப் பல்லில் ஒட்டிக்கொள்ளும். நாட்டுச் சர்க்கரை, பனங்கற்கண்டு, சத்துமாவு பவுடர் என்று பெயரை மாற்றினாலும் பல்லுக்கு எல்லாம் ஒன்றுதான். ரப்பரைத் தேனில் தொட்டுக் கொடுக்கிறார்களே, அது வேண்டவே வேண்டாம். ஒரு வயதுக்குள் தேனால் பல்லைத் தாண்டி உயிருக்கே ஆபத்து வரலாம்.

தாய்ப்பாலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நான் பேசியதாகச் சொல்லி நாளைக்கு யாரும் தாய்ப்பாலை நிறுத்திவிடாதீர்கள். ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும், அப்புறம் இரண்டு வயது வரையும் அதற்கு மேலும் மற்ற சாப்பாட்டோடு சேர்த்து என்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் ஆலோசனை. ஒரு வயதுக்கு மேல், பல் வந்த பிறகு, ராத்திரி முழுக்க மார்பிலேயே கிடந்து, பல்லும் துலக்காமல் இருந்தால்தான் சொத்தை வரும் வாய்ப்புக் கூடுகிறது. 1962-ல் அமெரிக்காவில் எலியாஸ் ஃபாஸ் என்ற பல் மருத்துவர் இந்தச் சொத்தைக்குப் பால்புட்டியின் பெயரையே வைத்தார். காரணம் புட்டி மட்டும் இல்லை என்று தெரிந்த பிறகு அந்தப் பெயரைக் கைவிட்டுவிட்டார்கள்.

இப்போது என் கதை. என் மகளுக்குப் பதினான்கு மாதம் இருக்கும்போது, குளிப்பாட்டித் துவட்டுகையில் மேல் பல்லின் ஈறோரத்தில் சுண்ணாம்புக் கோடு போட்ட மாதிரி ஒரு வெள்ளைக் கீற்றைப் பார்த்தேன். ஊருக்கெல்லாம் உபதேசம் செய்கிறவள் வீட்டில்! நான் வேலை முடிந்து வருவதற்குள் என் மாமியார் புட்டியைக் கொடுத்துத் தூங்க வைத்துவிடுவார். அவரைக் குறை சொல்ல முடியாது. அழுகிற குழந்தையை வேறு எப்படிச் சமாளிப்பார்? அந்த வெள்ளைக் கோடுதான் சொத்தையின் முதல் அடையாளம். அந்தக் கட்டத்தில் பார்த்துவிட்டால் டிரில் வேண்டாம், ஊசி வேண்டாம். ஃபுளோரைடு பேஸ்டும் ராத்திரிப் பழக்க மாற்றமும் சேர்ந்தால் அது நின்றுவிடும்.

நாங்கள் ஒரே நாளில் புட்டியைப் பிடுங்கவில்லை. சர்க்கரையை முதலில் நிறுத்தினோம். அப்புறம் கால் பங்கு தண்ணீர், சில நாள் கழித்துப் பாதி, கடைசியில் வெறும் தண்ணீர். இரண்டு ராத்திரி வீடே ரணகளமாக இருந்தது. மூன்றாம் நாள் அவளே புட்டியைத் தூக்கிக் கட்டிலுக்கு அடியில் போட்டுவிட்டாள். பகல் பாலை டம்ளருக்கு மாற்றினோம். என் மாமியார் பரணிலிருந்து வெள்ளிப் பாலாடையைத் தேடி எடுத்துக் காட்டி, "இதுல கொடுத்துத்தான் உன் புருஷனை வளர்த்தேன்" என்றார். யோசித்துப் பார்த்தால் பாலாடையும் சங்கும் எவ்வளவு நல்ல ஏற்பாடு. வாயில் வைத்துக்கொண்டு தூங்கவே முடியாது! புட்டிக்கு விளம்பரம் செய்யக் கூடாது என்று நம் நாட்டில் 1992-லேயே சட்டம் வந்துவிட்டது. விளம்பரம் இல்லாமலே அது வீடு வீடாக நுழைந்துவிட்டது என்பது வேறு விஷயம்.

துலக்குவது சுலபம். முதல் பல் தெரிந்த நாளிலிருந்து மூன்று வயது வரை ஒரு அரிசி அளவு பேஸ்ட், அதற்கு மேல் பட்டாணி அளவு. ராத்திரி பால் குடித்த பிறகு துலக்கிவிட்டுத் தூங்க வையுங்கள், அப்புறம் தண்ணீர் மட்டும். காய்ச்சல் சிரப்பும் இனிப்புதான். ராத்திரி கொடுத்தால் ஈரத்துணியால் பல்லை ஒரு துடை துடைத்துவிடுங்கள்.

"விழப்போகிற பல்தானே" என்பீர்கள். முன்பல் ஆறேழு வயதில் விழும், சரி. கடைவாய்ப் பால்பல் பத்துப் பன்னிரண்டு வயது வரை நிற்க வேண்டியது. அந்தப் பாட்டியின் பேரனுக்குக் கடைவாயிலும் சொத்தை இறங்கியிருந்தது. ஒரு பக்கமாகவே மென்று, பாதி ராத்திரியில் அழுதுகொண்டு எழுந்திருக்கிறான். அழுகையை நிறுத்த மறுபடி புட்டியைக் கொடுத்திருக்கிறார்கள்.

சரி, பேச்சு போதும். டார்ச் கொண்டுவந்திருக்கிறேன். குழந்தையை உங்கள் மடியில் படுக்க வைத்து, தலை என் முழங்கால் பக்கம் வருகிற மாதிரி பிடித்துக்கொண்டால் போதும், உதட்டைத் தூக்கிப் பார்க்க அரை நிமிஷம்தான். பின்வரிசையில் தூங்குகிற இரண்டு பேரிடமிருந்து ஆரம்பிக்கிறேன். எழுப்ப வேண்டாம், அப்படியே இருக்கட்டும்.