கதவு திறந்தால் போதுமா?

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். சிறைப்பட்டவனை உயிர்த்தெழ வைப்பது விடுதலையா, அன்பா? அன்பே என்று வாதாட வந்திருக்கிறேன்.

எதிரணித் தோழி 'மாண்டி கிறிஸ்டோ பிரபு' கதையின் நாயகன் தாந்தேயைக் காட்டினார். 14 ஆண்டுச் சிறை. பிணச்சாக்குக்குள் படுத்து, காலில் பீரங்கிக் குண்டோடு கடலில் வீசப்பட்டவன் சாக்கைக் கிழித்துக்கொண்டு மேலே வருகிறான். உயிர்த்தெழுதல் வேறெது என்று கேட்டார். நானும் கைதட்டினேன். ஆனால் அம்மா, சில அத்தியாயங்கள் பின்னோக்கிப் போங்கள். அதே தாந்தே, வந்த சோற்றை ஜன்னல் வழியே எறிந்துவிட்டுப் பட்டினி கிடந்து சாகத் துணிந்தவன். சுவருக்குள் சுரண்டும் சத்தம் கேட்கிறது. தோண்டுவது இன்னொரு கைதியாக இருக்குமோ என்ற ஒரு நினைப்பு! அவ்வளவுதான், சூப்பை எடுத்துக் குடிக்கிறான். பூட்டிய கதவுக்குள்ளேயே எழுந்துவிட்டான் ஐயா!

இனி டிக்கன்ஸ் 1859இல் எழுதிய 'இரு நகரங்களின் கதை'. டாக்டர் மானெட் பாஸ்டில் சிறையில் 18 ஆண்டுகள் கிடந்தவர். விடுதலை கிடைத்தாயிற்று. எங்கே இருக்கிறார்? பாரிஸில் ஒரு மதுக்கடைக் கட்டடத்தின் உச்சி அறையில். அங்கேயும் வெளியே பூட்டு! திறந்து வைத்தால் மிரண்டுபோவார். சிறையில் பழகிய வேலையாக, குனிந்தபடி ஒரு பெண்ணின் காலணியைத் தைக்கிறார். பெயரைக் கேட்டால், "நூற்றைந்து, வடக்குக் கோபுரம்" என்று சிறை அறையின் அடையாளத்தைச் சொல்கிறார்.

மகள் லூசி பக்கத்தில் உட்காருகிறாள். அவள் பொன்னிறக் கூந்தலைத் தயங்கித் தயங்கித் தொடுகிறார். கழுத்துக் கயிற்றில் தொங்கும் அழுக்குத் துணியை அவிழ்க்கிறார். உள்ளே ஒன்றிரண்டு முடியிழைகள், மனைவியுடையவை. இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்க்கிறார். படிக்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும் இடம் இது.

மகளின் கல்யாணத்தன்று மறுபடி செருப்புத் தைக்க உட்கார்ந்தாரே என்பீர்கள். ஆமாம், ஒன்பது நாள்! அந்த ஒன்பது நாளும் குடும்ப நண்பரான வங்கி ஊழியர், கிழவர் லாரி, வாழ்க்கையில் முதல்முறையாக வங்கிக்குப் போகாமல் கூடவே இருந்தார். மானெட் தெளிந்த பிறகு, அந்தச் செருப்புப் பலகையை ஒழித்துவிடலாமா என்று கெஞ்சிக் கேட்டார். மகளின் பெயரைச் சொன்ன பிறகுதான் மானெட் சம்மதித்தார். அவர் ஊரில் இல்லாத இரவில் லாரி கோடாலியால் பலகையை வெட்டினார். லூசியை வளர்த்த மிஸ் பிராஸ் மெழுகுவர்த்தி பிடித்து நின்றாள். பலகை அடுப்புக்குப் போனது. கருவிகளையும் தோலையும் தோட்டத்தில் குழி தோண்டிப் புதைத்தார்கள்.

இதைச் செய்தது எந்தக் கதவு? அடுத்துப் பேச வரும் எதிரணியார் சொல்லட்டும்.