அயோடின் ஓரிடம், புரோமின் ஓரிடம்: அடுக்கு சோலார் செல்லுக்குள் நடப்பது

[திரையில்: மொட்டை மாடியில் ஒரு சோலார் பேனல். மேலே உச்சி வெயில்.]

வணக்கம். இன்று கடையில் கிடைக்கும் நல்ல சோலார் பேனல் ஒன்று, தன்மேல் விழும் வெயிலில் 100-க்கு 20 முதல் 23 பங்கைத்தான் மின்சாரமாக்குகிறது. மீதி எங்கே போகிறது? பெரும்பகுதி வெறும் சூடாகப் போகிறது.

ஒரு நீல ஒளித்துகளிடம் ஏறக்குறைய 2.7 எலெக்ட்ரான் வோல்ட் (மிகச் சிறு ஆற்றலை அளக்கும் அலகு) ஆற்றல் இருக்கும். சிலிக்கானுக்கு ஓர் எலெக்ட்ரானை விடுவிக்கத் தேவை 1.1 மட்டும். அந்த 1.1-ஐ எடுத்துக்கொண்டு மிச்சத்தைச் சூடாக்கி விட்டுவிடும். ஆற்றல் குறைந்த அகச்சிவப்பு ஒளியில் ஒரு பகுதியோ, சிலிக்கானுக்குள் புகுந்து அப்படியே வெளியே போய்விடும். அதனால் எவ்வளவுதான் மெருகேற்றினாலும் தனிச் சிலிக்கான் செல் 29.4 விழுக்காட்டைத் தாண்ட முடியாது. அது இயற்பியல் போட்ட வேலி.

[திரையில்: ஒன்றன்கீழ் ஒன்றாக இரண்டு சல்லடைகள்.]

சரி, ஒரு சல்லடை போதாது என்றால் இரண்டு வைப்போம். மேலே பெரிய கண் சல்லடை பெரிய கற்களைப் பிடிக்கும். பொடிக்கற்கள் கீழ்ச் சல்லடைக்கு இறங்கும். அடுக்கு செல் இதைத்தான் செய்கிறது. நீலம், பச்சை போன்ற ஆற்றல் மிக்க ஒளியை மேலடுக்கு பிடித்து, அதிக வோல்ட்டேஜில் மின்சாரமாக்கும். சிவப்பின் கடைக்கோடியும் அகச்சிவப்பும் கீழே சிலிக்கானுக்குப் போகும். இரண்டு அடுக்கு வைத்தால் கணக்குப்படி எல்லை 45 விழுக்காட்டை நெருங்குகிறது.

அந்த மேலடுக்குக்குப் பொருத்தமான பொருள்தான் பெரோவ்ஸ்கைட். 1839-இல் யூரல் மலையில் கிடைத்த ஒரு கனிமத்தின் பெயர் இது. அதே படிக அமைப்பு உள்ள எல்லாவற்றுக்கும் இப்போது அந்தப் பெயரே வழங்குகிறது. 2009-இல் ஜப்பானில் சுதோமு மியாசகாவின் குழு இதை முதன்முதலில் சோலார் செல்லில் வைத்தபோது கிடைத்தது 3.8 விழுக்காடு.

[திரையில்: படிகக் கூட்டின் அசைபடம்.]

இதன் அமைப்பைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். நடுவில் ஓர் ஈய அணு, அதைச் சுற்றி ஆறு அயோடின். இப்படிப்பட்ட கட்டங்கள் கைகோத்து நிற்கும்போது நடுவில் ஒரு கூடு உருவாகிறது. அந்தக் கூட்டில் மெத்தில் அமோனியம், ஃபார்மமிடினியம், சீசியம் என ஏதாவது ஒன்று உட்காரும். அயோடினை எடுத்துவிட்டு முழுக்கப் புரோமின் போட்டால் ஆற்றல் இடைவெளி, அதாவது ஓர் எலெக்ட்ரானை விடுவிக்கத் தேவையான ஆற்றல், 1.6-இலிருந்து 2.3 எலெக்ட்ரான் வோல்ட் வரை ஏறும். இரண்டையும் கலந்தால் இடையில் எந்த எண்ணும் கிடைக்கும். இப்படி விருப்பம்போல் திருகி வைக்கக்கூடிய பொருள் அரிது.

சிலிக்கானுக்கு மேலே வைக்க நமக்கு வேண்டிய இடைவெளி சுமார் 1.68. இரண்டு செல்லும் தொடராக இணைந்திருப்பதால், ஒரே வாய்க்காலில் ஓடும் நீர்போல, இரண்டிலும் ஒரே அளவு மின்னோட்டம்தான் ஓட முடியும். எது குறைவாகக் கொடுக்கிறதோ அதுவே மற்றதையும் இழுத்துப் பிடிக்கும். அதனால் அந்த எண் துல்லியமாக அமைய வேண்டும்.

இங்கேதான் பெரிய சிக்கல் வந்தது. 2015-இல் எரிக் ஹோக் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவும் அதைக் காட்டினார்கள். கலவையில் புரோமின் கூடிவிட்டால், வெளிச்சம் பட்ட ஒரு நிமிடத்துக்குள் அயோடின் ஓரிடத்திலும் புரோமின் ஓரிடத்திலுமாகப் பிரியத் தொடங்கிவிடும். தண்ணீர் பள்ளத்தை நாடுவதுபோல எலெக்ட்ரான்கள் அயோடின் மிகுந்த இடங்களில் போய்த் தேங்கும், வோல்ட்டேஜ் விழும். இருட்டில் வைத்தால் கலவை மறுபடி ஒன்றாகிவிடும்! வெயிலுக்காகவே செய்த பொருள் வெயிலில் பிரிந்து, இருட்டில் சேர்கிறது. இந்தத் துறையிலேயே என்னை அதிகம் ஈர்த்த கண்டுபிடிப்பு இதுதான்.

தீர்வு கூட்டுக்குள் உட்காரும் ஆளை மாற்றுவதில் கிடைத்தது. மெத்தில் அமோனியம் சூட்டில் ஆவியாகி ஓடக்கூடியது. 2016-இல் ஆக்ஸ்ஃபோர்டில் ஹென்றி ஸ்னெய்த்தின் குழு அதை விலக்கி, 83 பங்கு ஃபார்மமிடினியமும் 17 பங்கு சீசியமும் சேர்த்தது. சீசியம் சிறியது; கூட்டை இறுக்கி, ஆற்றல் இடைவெளியைத் தானே கொஞ்சம் உயர்த்தும். அதனால் புரோமினைக் குறைத்துக்கொள்ளலாம், பிரிவதும் குறையும்.

அப்புறம் மேற்பரப்பு. படிகத்தின் விளிம்பில் அணு இல்லாத குழிகள் இருக்கும். அங்கே எலெக்ட்ரான்கள் வீணாகும். 2022-இல் பெர்லினில் ஹெல்ம்ஹோல்ட்ஸ் ஆய்வு மையத்தினர் பைப்பெரசீனியம் அயோடைடு என்ற உப்பை மெல்லியதாகப் பூசி அந்த இழப்பைக் குறைத்தார்கள்; அடுக்கு செல்லில் 32.5 விழுக்காடு கிடைத்தது. அடிப்பக்கத்தில் ஒரே ஒரு மூலக்கூறு தடிமனுள்ள படலமும் வைத்திருந்தார்கள். 2025-இல் சீனாவின் லாஞ்சி என்ற சோலார் நிறுவனம் 34.85-ஐத் தொட்டது. சிலிக்கானின் வேலியைத் தாண்டி அது வெகுதூரம்.

[திரையில்: தொழிற்சாலையில் வரிசையாகப் பேனல்கள்.]

ஆனால் இந்தச் சாதனைகள் சில செண்டிமீட்டர் அகலத் துண்டுகளில் செய்யப்பட்டவை. கூரையில் 25 ஆண்டு நிற்க வேண்டிய பேனல் வேறு. ஈரம் பட்டால் பெரோவ்ஸ்கைட் சிதையும். அதனால் கண்ணாடிகளுக்கு நடுவே காற்றுப் புகாமல் அடைக்கிறார்கள். உள்ளே இருப்பது ஈயம், உடைந்தாலும் மண்ணில் இறங்கக்கூடாது. ஈயத்துக்குப் பதில் வெள்ளீயம் போடலாமே என்றால், அது காற்றில் எளிதில் ஆக்சிசனேற்றம் அடைந்து கெட்டுவிடுகிறது.

85 டிகிரி வெப்பம், 85 விழுக்காடு ஈரப்பதம், 1000 மணி நேரம்: பேனல்களுக்கு வைக்கும் வழக்கமான சோதனை இது. விழுக்காட்டுச் சாதனையைவிட, பெரிய பேனலில் இதைத் தாண்டிவிட்டோம் என்ற செய்தியைத்தான் நான் ஆவலோடு தேடுகிறேன்.

2024 செப்டம்பரில் ஆக்ஸ்ஃபோர்ட் பி.வி. நிறுவனம், ஜெர்மனியின் பிராண்டன்பர்க்கில் உள்ள தன் ஆலையில் செய்த அடுக்குச் செல்களைக் கொண்ட பேனல்களை அமெரிக்காவில் ஒரு வாடிக்கையாளருக்கு அனுப்பியது. அவற்றின் திறன் 24.5 விழுக்காடு. ஆய்வகத்தின் 34-உடன் ஒப்பிட்டால் குறைவுதான். ஆனால் அவை விலைக்குப் போன பேனல்கள்; ஆய்வகத்துக்கு வெளியே, வெயிலிலும் மழையிலும் நிற்கப்போகிறவை.