கதையில் பிறந்த காகிதக் கம்பெனி

எல்லோருக்கும் வணக்கம்.

இன்று நான் பேசப்போவது டண்டர் மிஃப்ளின் என்ற காகித விற்பனைக் கம்பெனியைப் பற்றி. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், ஸ்க்ராண்டன் ஊரில் அதற்கு ஒரு கிளை. ‘தி ஆபீஸ்’ என்ற அமெரிக்க நகைச்சுவைத் தொடரைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அப்படி ஒரு கம்பெனி கிடையாது. 2005 முதல் 2013 வரை என்பிசி தொலைக்காட்சி ஒளிபரப்பிய அந்தத் தொடருக்காக எழுத்தாளர்கள் படைத்தது அது. ஆனால் 2011இன் கடைசியில், அதே பெயர் அச்சிட்ட பிரிண்டர் பேப்பர் கட்டுகள் நிஜமாகவே விற்பனைக்கு வந்தன. என்பிசியின் தாய் நிறுவனமான என்பிசி யுனிவர்சலிடம் உரிமம் வாங்கி விற்றது குவில் என்ற அலுவலகப் பொருள் நிறுவனம்.

குவில் யாருடையது? ஸ்டேப்பிள்ஸ் என்ற பெரிய சங்கிலிக் கடை நிறுவனம் அதை 1998இலேயே வாங்கிவிட்டது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், கதையில் டண்டர் மிஃப்ளினின் தூக்கத்தைக் கெடுப்பதே ஸ்டேப்பிள்ஸ் மாதிரிப் பெரிய கடைகள்தான். அவர்கள் குறைந்த விலைக்குத் தருகிறார்கள். கிளையை மூடிவிடுவார்களோ என்ற பயம் முதல் நாளிலிருந்தே ஊழியர்களிடம் இருக்கிறது. அங்கிருந்து விலகும் டுவைட் என்ற விற்பனையாளர் கொஞ்ச நாள் வேலைக்குப் போவதும் ஸ்டேப்பிள்ஸ் கடைக்குத்தான்.

ஒரு காட்சி எனக்கு மிகவும் பிடிக்கும். டுவைட்டும், அதே கிளையின் இன்னொரு விற்பனையாளரான ஜிம்மும் ஒரு வாடிக்கையாளரைப் பார்க்கப் போகிறார்கள். பெரிய கம்பெனி விலை குறைவு என்கிறார் அவர். சரி என்று அவர் எதிரிலேயே அந்தப் பெரிய கம்பெனியின் சேவை எண்ணுக்குப் போன் போடுகிறார்கள். யாரும் எடுக்கவில்லை, காத்திருக்கச் சொல்லும் இசைதான் கேட்கிறது. அப்புறம் தங்கள் அலுவலகத்துக்குப் போடுகிறார்கள். உடனே ஒரு மனிதக் குரல் பதில் சொல்கிறது. சின்னக் கம்பெனி எதை வைத்துப் பிழைக்கிறது என்பதை அந்த இரண்டு போன்களில் காட்டிவிட்டார்கள்.

அந்தக் குரலுக்குச் சேர்ந்த நல்ல பெயரைத்தான் 2011இல் பெட்டியின் மேல் அச்சடித்தார்கள். வெள்ளைத் தாளில் என்ன பெரிய வித்தியாசம் இருக்கப்போகிறது? எந்தக் கம்பெனி தாளும் பிரிண்டரில் ஒரே மாதிரிதான் ஓடும். ஆக, விலை போனது பெயர். அதன் மேல் இருந்த பாசத்தை எழுத்தாளர்களும் நடிகர்களும் 201 அத்தியாயங்களில் சேர்த்து வைத்தார்கள். இதை ஏமாற்று என்று சிலர் சொல்லலாம். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். வாங்குகிறவர்களுக்கு அது கதைப் பெயர் என்று நன்றாகவே தெரியும். பிடித்த மனிதர்களின் பெயர் தங்கள் அலமாரியிலும் இருக்கட்டும் என்றுதான் வாங்குகிறார்கள்.

பெயருக்கு மதிப்பு வந்தால் போட்டியும் வரும். அமெரிக்காவில் வணிகச் சின்ன உரிமை, பெயரைச் சந்தையில் பயன்படுத்துவதைப் பொறுத்தது. இந்தப் பெயரைத் துணி விற்பனைக்காக வேறொரு நிறுவனம் முந்திக்கொண்டு பதிவு செய்துவிட்டது. என்பிசி யுனிவர்சல் 2022இல் வழக்குப் போட வேண்டியதாயிற்று.

எனக்கு அதிக அக்கறை ஸ்க்ராண்டன் மேல்தான். நிலக்கரியாலும் இரும்பாலும் வளர்ந்து, அந்தத் தொழில்கள் போனதும் தளர்ந்த ஊர் அது. தொடரைப் படம் பிடித்தது கலிபோர்னியாவில். ஆனால் தொடக்கத்தில் வரும் தெருக் காட்சிகளை, ஜிம்மாக நடித்த ஜான் க்ராசின்ஸ்கி நேரில் போய் எடுத்துவந்தார். அதில் தெரியும் கோபுரம், பென்சில்வேனியா பேப்பர் அண்ட் சப்ளை என்ற நிஜக் காகிதக் கம்பெனியுடையது. 2007இல் ரசிகர்கள் மாநாடே அந்த ஊரில் நடந்தது. ஒரு நிஜ ஊரின் முகத்தை வைத்து வளர்ந்த பெயரை விற்கும்போது, உரிமத் தொகையில் சிறு பங்காவது அந்த ஊர் நூலகத்துக்கும் பள்ளிகளுக்கும் போகும்படி ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும். இதைக் கேட்பதற்கு அந்த ஊருக்கு முழு நியாயம் இருக்கிறது.