கிறிஸ்துமஸ் பலகாரம் யாருடைய வேலை?

(நெல்லைச் சீமைச் சபை ஒன்றின் பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டத்தில், கிறிஸ்துமஸுக்கு முந்திய நான்கு வாரங்களான வருகைக் காலத்தின் தொடக்கத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

சபைக் குருவான ஐயரவர்களே, சபைப் பெரியவர்களே, ஐக்கிய சங்கத்துச் சகோதரிகளே, பின்வரிசையில் சுவரோடு சாய்ந்து நிற்கும் வாலிபத் தம்பிமார்களே, உங்கள் அனைவருக்கும் என் அன்பின் வாழ்த்துகள்.

தம்பிமார்கள் முன்னால் வந்து உட்கார வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். இன்று நான் பேசப்போவது முக்கியமாக உங்களிடம்தான்.

வருகைக் காலம் தொடங்கிவிட்டது. உங்களில் பலருடைய வீட்டில் கேக்குக்குப் பழம் ஊறத் தொடங்கியிருக்கும். இனி பச்சரிசி ஊற வைத்து, நிழலில் உலர்த்தி, மாவாக்கிச் சலிக்க வேண்டும். சிறுபயறு வறுக்க வேண்டும். வெல்லம் நல்லதாகப் பார்த்து வாங்க வேண்டும். எள் புடைக்க வேண்டும். தேங்காய் உடைத்துத் துருவ வேண்டும். எண்ணெய் டின், முட்டை அட்டை, வெண்ணெய், டப்பாக்களைக் கழுவி வெயிலில் காய வைப்பது என்று பட்டியல் நீளும். இந்தப் பட்டியல் எந்தத் தாளிலும் எழுதப்பட்டிருக்காது. வீட்டில் ஒரே ஒருவருடைய தலைக்குள் இருக்கும். அவர் யார் என்று எல்லோருக்கும் தெரியும். கிறிஸ்துமஸ் அதிகாலை ஆராதனையில், புதுச்சேலை கட்டிக்கொண்டு, கண்கள் எரிய, பிரசங்கம் பாதி காதில் விழாமல் உட்கார்ந்திருப்பவரும் அவரேதான். முந்தின இரவு ஒரு மணிவரை அவர் அடுப்படியில் நின்றிருப்பார்.

இது சரியில்லை என்று சொல்லத்தான் வந்திருக்கிறேன். பலகாரம் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. பலகாரம் வேண்டும், வீட்டிலேயே செய்ய வேண்டும், ஆனால் வீடு முழுவதும் சேர்ந்து செய்ய வேண்டும்.

கேக்கிலிருந்தே தொடங்குகிறேன். இங்கிலாந்தில் ஒரு பழைய வழக்கம் உண்டு. வருகைக் காலத்துக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வீடு திரும்பியதும் கிறிஸ்துமஸ் புட்டிங்குக்கான கலவையைத் தயார் செய்வார்கள். அன்று வீட்டிலுள்ள ஒவ்வொருவரும் ஒருமுறையாவது கரண்டியைப் பிடித்துக் கிளற வேண்டும். குழந்தை இயேசுவைப் பார்க்கக் கீழ்த்திசையிலிருந்து வந்த சாஸ்திரிகளை நினைத்து, கிழக்கிலிருந்து மேற்காகக் கிளறுவார்கள். தாத்தா கிளறுவார், அப்பா கிளறுவார், சின்னக் குழந்தையின் கையைப் பிடித்தும் கிளற வைப்பார்கள். ஆங்கில மிஷனரிமார்கள் பாளையங்கோட்டைக்கும் நாசரேத்துக்கும் இடையன்குடிக்கும் வந்தார்கள். பள்ளிக்கூடம் வந்தது, ஜெபப் புத்தகம் வந்தது, கேக்கும் வந்தது. எல்லோரும் சேர்ந்து கிளறும் அந்த வழக்கத்தை மட்டும் நாம் எடுத்துக்கொள்ளாமல் விட்டுவிட்டோம்.

கேக் செய்வதில் பலம் வேண்டிய வேலை எது என்று கேக் செய்தவர்களைக் கேளுங்கள். வெண்ணெயையும் சர்க்கரையையும் குழைப்பதுதான். வெண்ணெய் வெளுத்து, பஞ்சுபோல் இலேசாகும்வரை ஒரே திசையில் அடித்துக்கொண்டே இருக்க வேண்டும். அப்போது உள்ளே புகும் காற்றுதான் கேக்கை எழுப்புகிறது. அடித்தது போதாவிட்டால் எவ்வளவு பேக்கிங் பவுடர் போட்டாலும் கேக் கல்லாகத்தான் இருக்கும். பிறகு முட்டையை ஒவ்வொன்றாகச் சேர்க்க வேண்டும். மொத்தமாகக் கொட்டினால் கலவை திரிந்துபோகும். தோள்பட்டை வலி உள்ள ஐம்பது வயது அம்மா இதைத் தனியாகச் செய்கிறார். கிரிக்கெட் மட்டை பிடிக்கிற மகன் பக்கத்து அறையில் படுத்துக்கொண்டு போன் பார்க்கிறான். தம்பி, அந்தக் கிண்ணத்தை வாங்கி அடிப்பது உன் வேலை.

சர்க்கரையைக் கருக்கிப் பாகு எடுப்பது கவனம் வேண்டிய வேலை. இரும்புச் சட்டியில் சர்க்கரை உருகி, பொன்னிறம் தாண்டி, கருஞ்சிவப்பாகும் நேரத்தில் வெந்நீர் ஊற்ற வேண்டும். ஒரு கணம் தவறினால் கசந்துவிடும். ஊற்றும்போது தெறிக்கும், அதனால் பிள்ளைகள் அருகில் நிற்கக் கூடாது, பெரியவர் ஒருவர் செய்ய வேண்டும். அப்பாமார் இதைக் கற்றுக்கொள்ளலாம். பிள்ளைகளுக்கு வேறு வேலை இருக்கிறது. ஊறிய பழங்களை வடித்து மாவில் புரட்டிக் கொடுக்கட்டும். மாவு ஒட்டிய பழம் அடியில் போய்த் தங்காமல் கேக் முழுவதும் பரவி நிற்கும் என்பதையும் அப்போதே சொல்லிக் கொடுங்கள். 150, 160 டிகிரி அளவில் நிதானமாக வேக விடுங்கள். பழம் நிறைந்த கேக் அவசரத்துக்கு வேகாது.

ஓவன் இல்லையே என்று யாரும் கவலைப்பட வேண்டாம். மின்சார ஓவன் வருவதற்கு முன்னும் நம் வீடுகளில் கேக் செய்தார்கள். கனமான பாத்திரத்தில் மணலைப் பரப்பி, அதற்குள் கேக் டின்னை வைத்து மூடி, மூடியின்மேல் தணல் போட்டு வேக வைத்தார்கள். கலவையை டின்னில் ஊற்றி, பேக்கரியின் விறகு அடுப்புக்குத் தூக்கிக்கொண்டு போனவர்களும் உண்டு. இன்றும் குக்கரில் காஸ்கெட்டையும் வெயிட்டையும் எடுத்துவிட்டு, அடியில் உப்பைப் பரப்பி, அருமையான கேக் செய்யலாம்.

வெண்ணெய் வாங்க வசதியில்லாத குடும்பங்கள் நம் சபையில் இருக்கின்றன. டால்டாவிலோ எண்ணெயிலோ செய்த கேக்கைக் கொடுக்க அவர்கள் கூச்சப்படுவதைப் பார்த்திருக்கிறேன். கூச்சத்துக்கு இடமே இல்லை. ஜெர்மனியில் சாக்சனிப் பகுதியின் கிறிஸ்துமஸ் ரொட்டியான ஸ்டோலன் இன்று உலகப் புகழ் பெற்றது. முற்காலத்தில் அங்கே வருகைக் காலம் நோன்புக் காலமாக இருந்ததால் வெண்ணெய்க்குத் தடை. பணக்காரரும் எண்ணெயில்தான் செய்தார்கள். 1491இல் போப் எட்டாம் இன்னொசென்ட் அனுமதி கொடுத்த பிறகுதான் வெண்ணெய் சேர்ந்தது. கேரளத்துத் தலைச்சேரியில் 1883இல் மாம்பள்ளி பாபு கேக் செய்த கதையையும் கேட்டிருப்பீர்கள். மர்டாக் பிரவுன் என்ற தோட்ட முதலாளி இங்கிலாந்திலிருந்து கொண்டுவந்த கேக்கைக் காட்டி, அதுபோல் செய்யச் சொல்லி, பிராந்திக்குப் பக்கத்துப் பிரெஞ்சு ஊரான மாஹேயைக் கைகாட்டினாராம். பாபு அதற்குப் பதிலாக முந்திரிப் பழத்தையும் கதலி வாழையையும் புளிக்க வைத்துச் சேர்த்தார், துரை மனம் மகிழ்ந்து மேலும் கேக்குகளுக்குச் சொல்லிவிட்டுப் போனார் என்று அங்கே பெருமையாகச் சொல்கிறார்கள். இலங்கையில் மைதாவுக்குப் பதில் ரவை, கூடவே முந்திரிப் பருப்பும், சர்க்கரைப் பாகில் ஊறிய பூசணியும் இஞ்சியும், பன்னீர் வாசமும். அதைச் சிறு துண்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றையும் தாளில் சுற்றி, வீடு வீடாகக் கொடுப்பார்கள். அலகாபாத்தில் நெய்யும் பூசணி மிட்டாயும் போடுகிறார்கள். நம் கேக்கில் மின்னும் டூட்டி ஃப்ரூட்டி பப்பாளிக்காய். சிவப்புச் செர்ரி என்று விற்பதில் பெரும்பகுதி களாக்காய். அவரவர் ஊரில் கிடைத்ததை வைத்துத்தான் எல்லோரும் கேக் செய்திருக்கிறார்கள். உங்கள் வீட்டில் இருப்பதை வைத்து நீங்கள் செய்யுங்கள்.

அடுத்தது அச்சு முறுக்கு. எனக்கு மிகவும் பிரியமான பலகாரம் இது. பச்சரிசி மாவு, தேங்காய்ப்பால், முட்டை, சர்க்கரை, கொஞ்சம் எள். இதே அச்சுப் பலகாரத்தை இலங்கையில் கொக்கிஸ் என்று சித்திரைப் புத்தாண்டுக்குச் செய்கிறார்கள். மலையாளத்தில் அச்சப்பம். நார்வேயிலும் ஸ்வீடனிலும் கோதுமை மாவில் இதுபோன்ற அச்சை வைத்துக் கிறிஸ்துமஸுக்குச் செய்கிறார்கள். நமக்குக் கடல்வழி வந்த ஐரோப்பியர் மூலமாக வந்தது என்பார்கள். வந்த பிறகு தேங்காய்ப்பாலைக் குடித்து நம்முடையதாகிவிட்டது.

இது இருவர் செய்ய வேண்டிய பலகாரம். அச்சு எண்ணெயிலேயே கிடந்து நன்றாகச் சூடேற வேண்டும். சூடில்லாத அச்சில் மாவு பிடிக்காது. சூடான அச்சை மாவில் முக்கால் பாகம்தான் முக்க வேண்டும். மேல் விளிம்பு மூழ்கிவிட்டால் மாவு அச்சைக் கவ்விக்கொண்டு கழலாது. ஒருவர் முக்கி எண்ணெயில் விட்டு இலேசாக ஆட்ட வேண்டும். மற்றவர் திருப்பி, எடுத்து, வடிய விட வேண்டும். ஒருவரே இரண்டையும் செய்தால் ஒன்று கருகும், அல்லது கை சுடும். ஈரமான அச்சை எண்ணெயில் விடவே கூடாது, வெடித்துத் தெறிக்கும். கணவனும் மனைவியும் எதிரெதிரே உட்கார்ந்து அச்சு முறுக்குச் சுடும் வீடுகள் இந்தச் சபையிலேயே இருக்கின்றன. அந்த அண்ணன்மாரை நான் மனதாரப் பாராட்டுகிறேன். வயதான ஆச்சியை ஒரு நாற்காலியில் உட்கார வைத்து, மாவுப் பதம் பார்க்கச் சொல்லுங்கள். கையால் எடுத்து விட்டுப் பார்த்தே தண்ணீர் கூடிவிட்டதா, சர்க்கரை கூடிவிட்டதா என்று அவர் சொல்லிவிடுவார். அந்தக் கணக்கு எந்த வீடியோவிலும் கிடைக்காது.

முந்திரிக்கொத்தைப் பற்றி நாகர்கோவில்காரர்கள் இருக்கும் இடத்தில் நான் அதிகம் பேசக் கூடாது. வறுத்த சிறுபயற்று மாவு, வெல்லப்பாகு, தேங்காய், எள், ஏலம். சிறு உருண்டைகளாகப் பிடித்து, மும்மூன்றாகச் சேர்த்து, மஞ்சள் கலந்த அரிசி மாவில் தோய்த்துப் பொரிப்பது. உருண்டை பிடிப்பது பிள்ளைகளுக்கு ஏற்ற வேலை. சென்னையில் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் குல்குல் என்ற பொரித்த இனிப்பைச் செய்யும்போது பிள்ளைகளெல்லாம் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, முள்கரண்டியின் பின்புறத்தில் மாவை அழுத்திச் சுருட்டுவார்கள். உருண்டை கோணலாக வந்தால் வந்துவிட்டுப் போகட்டும். பிள்ளைகள் தாங்கள் உருட்டியதைத் தட்டில் அடையாளம் கண்டுபிடித்துச் சாப்பிடுவார்கள்.

ஆபிரகாம் வீட்டுக்கு மூன்று பேர் வந்ததை நாம் ஞாயிறு பள்ளியிலிருந்தே படித்திருக்கிறோம். ஆதியாகமம் 18ஆம் அதிகாரம். சாராளிடம் மாவு பிசைந்து அப்பம் சுடச் சொன்னதைப் பிரசங்கங்களில் கேட்டிருக்கிறோம். அதற்கு அடுத்து என்ன நடக்கிறது என்று இன்று வீட்டுக்குப் போய் வாசித்துப் பாருங்கள். அந்த முதியவர் மாட்டுமந்தைக்கு ஓடுகிறார். இளங்கன்றைத் தேர்ந்து வேலைக்காரனிடம் சமைக்கக் கொடுக்கிறார். வெண்ணெயையும் பாலையும் தாமே எடுத்துவந்து பரிமாறுகிறார். விருந்தினர் சாப்பிட்டு முடிக்கும்வரை மரத்தடியில் அவர்கள் அருகே நிற்கிறார். விசுவாசத்தின் தகப்பன் என்று நாம் சொல்பவர் செய்த வேலை இது. நம் வீட்டு ஆண்களுக்கு இது தகுதிக் குறைவான வேலையாக எப்படி இருக்க முடியும்?

இப்போது பலகாரத் தட்டைப் பற்றி. தீபாவளிக்கு நம் வீட்டுக்கு முறுக்கும் அதிரசமும் வந்தன. ரம்ஜானுக்கு நோன்புக் கஞ்சியும் பிரியாணியும் வந்தன. அந்த வீடுகளுக்கு நம் தட்டு போகும்போது கொஞ்சம் யோசித்து அனுப்ப வேண்டும். சைவம் சாப்பிடும் வீட்டுக்கு முட்டை சேராத கேக் ஒரு டின் தனியாகச் செய்யுங்கள். தயிரோ கண்டென்ஸ்டு மில்க்கோ போதும். முசுலிம் வீட்டுக்குப் போவதில் மது ஊறிய பழம் இருக்கக் கூடாது. திராட்சைச் சாற்றிலோ ஆரஞ்சுச் சாற்றிலோ ஊற வையுங்கள். அனுப்பும்போது அதைச் சொல்லியே அனுப்புங்கள். அவர்கள் வாங்கி வைத்துவிட்டுச் சங்கடப்பட வேண்டியதில்லை.

இதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது துக்க வீடு. வருடத்துக்குள் இறப்பு நடந்த வீட்டில் பலகாரம் சுடுவதில்லை என்பது நம் பக்கத்து வழக்கம். நட்சத்திரமும் கட்டுவதில்லை. அந்த வீட்டுப் பிள்ளைகள் பக்கத்து வீடுகளிலிருந்து வரும் எண்ணெய் வாசனையை முகர்ந்துகொண்டு திண்ணையில் உட்கார்ந்திருப்பார்கள். முன்பெல்லாம் சொந்தக்காரர்கள் சம்புடம் நிறையக் கொண்டுவந்து வைப்பார்கள். மதினிமார் வருவார்கள், அத்தைமார் வருவார்கள். வந்து வைத்துவிட்டு உடனே ஓடிவிடுவதில்லை; பாயை விரித்து உட்கார்ந்து, இறந்தவரைப் பற்றிப் பேசி, அழுது, சாப்பிட வைத்துவிட்டுப் போவார்கள். இப்போது சொந்தங்கள் பெங்களூரிலும் துபாயிலும் இருக்கின்றன. வீடியோ அழைப்பு வருகிறது, சம்புடம் வருவதில்லை. இந்த வருடம் நம் சபையில் இறப்பு நடந்த வீடுகள் எவை என்று நம் எல்லோருக்கும் தெரியும். அந்தப் பெயர்களை நான் இங்கே சொல்லப்போவதில்லை. ஆனால் ஒரு வீடுகூட விடுபடக் கூடாது.

அதற்கு நாள் கேட்டு ஐயரவர்களிடம் பேசியிருக்கிறேன். கிறிஸ்துமஸுக்கு முந்தின சனிக்கிழமை காலை, ஆலய வளாகத்துச் சமையல் கொட்டகையில் அடுப்பு மூட்டுகிறோம். அச்சு முறுக்கும் முந்திரிக்கொத்தும், இரண்டே பலகாரம். ஐக்கிய சங்கம் மாவும் பயறும் தயார் செய்யும். தேங்காய் உடைப்பது, துருவுவது, பால் பிழிவது, எண்ணெய்ச் சட்டி தூக்குவது, பாத்திரம் கழுவுவது எல்லாம் வாலிபர் சங்கம். ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் உருண்டை பிடிக்க வரட்டும், கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு. வீட்டில் பழைய அச்சு இருப்பவர்கள் வெள்ளிக்கிழமை இரவே எண்ணெயில் ஊற வைத்து, மறுநாள் துடைத்து எடுத்து வாருங்கள். தம்பிமார்களே, பெயர்ப் பட்டியல் வாசலில் செயலாளர் அக்காவிடம் இருக்கிறது. கூட்டம் முடிந்து போகும்போது எழுதிவிட்டுப் போங்கள்.