அழுத பிள்ளையும் தாய்நாடும்
(வாசகர் வட்ட ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவைத் தலைவர் அவர்களே, என்னைப் பேசப் பணித்த வாசகர் வட்டச் செயலாளர் அவர்களே, இந்த மண்டபத்தை வாடகை வாங்காமல் தந்துதவிய பேரூராட்சித் தலைவர் அம்மா அவர்களே, பணிக்காலம் முழுவதும் எனக்கு வழிகாட்டிய தமிழாசிரியர் ஐயா அவர்களே, முன்வரிசையில் பதக்கங்களோடு அமர்ந்திருக்கும் சுபேதார் ஐயா அவர்களே, மாணவச் செல்வங்களே, வணக்கம். எனக்குப் போர்த்திய பொன்னாடையை நூலகத்தைத் தினமும் பெருக்கித் துடைக்கும் அம்மாவிடம் சேர்த்துவிடும்படி செயலாளரைக் கேட்டுக்கொள்கிறேன். சுபேதார் ஐயா எல்லையில் நின்றவர். அவர் இருக்கும் அவையில் நாட்டுப்பற்றைப் பற்றிப் பேச அவரிடம் அனுமதி கேட்டேன்; தலையசைத்தார். நன்றி ஐயா.

தேசிய கீதம் ஒலிக்கும்போது எதிர்ப்புக் காட்டிய விளையாட்டு வீரர்கள் என்பது தலைப்பு. நான்கு செய்திகள் சொல்ல எண்ணி வந்திருக்கிறேன். அமெரிக்க தேசிய கீதம் பிறந்த கதை, மெக்சிகோவில் உயர்ந்த கைகள், மண்டியிட்ட ஒருவர், இவற்றுக்குப் பின்னால் ஓடும் விளம்பரப் பணம்.

அழுத பிள்ளை பால் குடிக்கும் என்று என் பாட்டி அடிக்கடி சொல்வார். பிள்ளை யாரிடம் அழுகிறது? தாயிடம். தாய்மேல் உரிமை இருப்பதால்தான் அழுகிறது. இதை மனத்தில் வைத்துக்கொண்டு கேளுங்கள்.

1968 அக்டோபர் 16, மெக்சிகோ நகர ஒலிம்பிக். 200 மீட்டர் ஓட்டத்தின் இறுதிப் போட்டி. அமெரிக்கக் கறுப்பின வீரர் டாமி ஸ்மித் 19.83 வினாடியில் ஓடி உலக சாதனை படைக்கிறார். மற்றொரு கறுப்பின வீரர் ஜான் கார்லோஸைக் கடைசி எட்டில் முந்தி இரண்டாவதாக வருகிறார் ஆஸ்திரேலியாவின் பீட்டர் நார்மன், வெள்ளையர். கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடிய மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக்கொல்லப்பட்டு ஆறு மாதம்தான் ஆகியிருக்கிறது. மேடையில் கறுப்புக் கையுறை அணிந்து கையை உயர்த்துவது என்று அமெரிக்கர்கள் இருவரும் முடிவு செய்திருந்தார்கள். கார்லோஸோ தன் கையுறைகளை ஒலிம்பிக் கிராமத்திலேயே விட்டுவிட்டு வந்துவிட்டார். பரிசளிப்புக்கு அழைக்கப் போகிறார்கள். அப்போது நார்மன் சொன்னார், இருக்கும் ஒரு ஜோடியை ஆளுக்கொன்றாகப் போட்டுக்கொள்ளுங்கள் என்று. அதனால்தான் அந்தப் புகைப்படத்தில் ஸ்மித்தின் வலக்கையும் கார்லோஸின் இடக்கையும் உயர்ந்திருக்கின்றன.

கால்களையும் பாருங்கள் மாணவர்களே. காலணி இல்லை, வெறும் கறுப்புக் காலுறை. எங்கள் மக்கள் ஏழைகள் என்று அந்தக் கால்கள் சொல்கின்றன. நார்மன் கையை உயர்த்தவில்லை. ஆனால் மனித உரிமைக்கான வில்லை ஒன்றைக் கேட்டு வாங்கி நெஞ்சில் குத்திக்கொண்டார். அவர் கண்ணில் பயத்தை எதிர்பார்த்ததாகவும் அன்பையே கண்டதாகவும் கார்லோஸ் பின்னாளில் சொன்னார்.

அரங்கத்தில் கூச்சலும் ஏளனமும் எழுந்தன. ஸ்மித்தையும் கார்லோஸையும் வெளியேற்றியாக வேண்டும் என்று சர்வதேச ஒலிம்பிக் குழுத் தலைவர் ஏவரி பிரண்டேஜ் நின்றார். 1936-இல் பெர்லின் ஒலிம்பிக்கில் ஜெர்மன் வீரர்கள் ஹிட்லரின் நாஜி வணக்கம் வைத்தபோது அமெரிக்க ஒலிம்பிக் குழுவுக்குத் தலைவராக இருந்து, அதில் குற்றம் காணாதவர் அவர். இருவரும் ஊர் திரும்பியபோது கொலை மிரட்டல்கள் வந்தன. நாடு திரும்பிய நார்மனை நடத்திய விதத்துக்காக ஆஸ்திரேலிய நாடாளுமன்றம் மன்னிப்புக் கேட்டது 2012-இல். அவர் 2006-லேயே இறந்துவிட்டார். அவருடைய சவப்பெட்டியைச் சுமக்க அமெரிக்காவிலிருந்து இருவர் வந்தார்கள். யாரென்று சொல்லவும் வேண்டுமா? முப்பத்தெட்டு ஆண்டுகளுக்குப் பிறகு அந்த மூவரும் மறுபடி ஒன்றாக நடந்தார்கள். ஒருவர் மட்டும் தோள்மீது.

நேரமாகிறது என்று தலைவர் சீட்டுக் கொடுத்திருக்கிறார். சுருக்கிக்கொள்கிறேன்.

2016-இல் அமெரிக்கக் கால்பந்து வீரர் கோலின் கேப்பர்னிக், கறுப்பின மக்கள்மீது காவல்துறை நடத்தும் வன்முறையைக் கண்டித்து, கீதத்தின்போது எழாமல் உட்கார்ந்திருந்தார். கொடி போர்த்திய பெட்டியில் மகனைப் பெற்றுக்கொண்ட தாய்க்கு அது எப்படி வலித்திருக்கும்! அந்த வலியை நான் மதிக்கிறேன். சிறப்புப் படையில் பணியாற்றிய நேட் பாயர் என்பவருக்கும் வலித்தது. ஆனால் அவர் திட்டவில்லை. நேரில் போய்ப் பேசினார். உட்காராதே, மண்டியிடு, நாங்கள் இறந்த தோழனின் கல்லறை முன்னால் அப்படித்தான் செய்வோம் என்றார். கேப்பர்னிக் கேட்டுக்கொண்டார். அந்த மண்டியிடலுக்கு வழி சொன்னவர் ஒரு ராணுவ வீரர் ஐயா! அப்படியும் 2017-க்குப் பிறகு எந்த அணியும் அவரைச் சேர்த்துக்கொள்ளவில்லை. அழுத பிள்ளை பால் குடிக்கும் என்கிறோம். இந்தப் பிள்ளையின் வாயைப் பொத்தினார்கள்.

இனி நான் மூன்று ஆண்டுகளாக ஒவ்வொரு மேடையிலும் பேசிவரும் செய்திக்கு வருகிறேன். நான் உடற்கல்வி ஆசிரியராக இருந்த பள்ளியில் ஒரு நாள் காலை வணக்கத்தில் ஒரு பையன் வாய் திறக்காமல் நின்றான். ஆறாம் வகுப்பு. கொடிக்கம்பத்தின் கீழே வெயிலில் நிற்க வைத்தேன். இரண்டாவது பாடவேளையில் போய்ப் பார்த்தால், செருப்பில்லாத கால்களை மாற்றி மாற்றி ஊன்றிக்கொண்டு நிற்கிறான். ஏன் பாடவில்லை என்று அப்போதுதான் கேட்டேன். "நேற்று வகுப்புப் பானையில் தண்ணீர் குடித்ததற்கு அடித்துவிட்டார்கள் சார்" என்றான். அடித்தவர்களை நான் வெயிலில் நிற்க வைக்கவில்லை. இவனை வைத்திருக்கிறேன். அழுத பிள்ளை பால் குடிக்கும் என்று ஊருக்கெல்லாம் சொல்கிற எனக்கு அன்றைக்கு அந்த அழுகை கேட்கவில்லை.

கேரளத்தில் 1985-இல் தேசிய கீதத்தின்போது மூன்று பிள்ளைகள் எழுந்து மரியாதையாக நின்றார்கள். தங்கள் மத நம்பிக்கையால் பாடவில்லை. பள்ளியிலிருந்து நீக்கினார்கள். 1986 ஆகஸ்டில் உச்சநீதிமன்றம் அவர்களைத் திரும்பச் சேர்க்கச் சொன்னது. நீதிபதி சின்னப்ப ரெட்டி எழுதினார்: நம் மரபு சகிப்புத்தன்மையைக் கற்பிக்கிறது, நம் தத்துவம் அதைப் போதிக்கிறது, நம் அரசமைப்புச் சட்டம் அதைக் கடைப்பிடிக்கிறது, அதை நீர்த்துப்போகச் செய்ய வேண்டாம் என்று. எத்தனை ஆசிரியர் அறைகளில் இந்த வரிகள் தொங்குகின்றன? என் கோரிக்கை இரண்டுதான். இந்த வரிகளை ஒவ்வொரு பள்ளியின் ஆசிரியர் அறையிலும் மாட்ட வேண்டும். வாய் மூடி நிற்கும் பிள்ளையை, ஏன் என்று கேட்பதற்கு முன் தண்டிக்கக் கூடாது.

கீதம் பிறந்த கதைக்கும் விளம்பரப் பணத்துக்கும் இன்று நேரமில்லை. அவை மன்னிக்க வேண்டும். மாவட்டக் கல்வி அலுவலருக்கான மனு வாசலில், காலணி விடும் இடத்துக்குப் பக்கத்து மேசையில் இருக்கிறது. பேனாவும் கட்டி வைத்திருக்கிறேன். முதல் கையெழுத்தைச் சுபேதார் ஐயா போட்டுத்தர வேண்டும் என்று கேட்டு அமர்கிறேன். வணக்கம்.