ஏக்கம் கதைக்குத்தான்!

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, கடைசி வரிசை வரை நிரம்பியிருக்கும் அவையோரே, எல்லோருக்கும் வணக்கம்.

1979-ல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் வந்த 'ஸ்டார் பிளேசர்ஸ்' கார்ட்டூனைப் பார்த்து வளர்ந்தவர்கள், இன்று தலை நரைத்த பிறகும் அதை நினைத்து ஏங்குகிறார்களே, அந்த ஏக்கம் கதைக்கா, போய்விட்ட குழந்தைப் பருவத்துக்கா? இதுதான் தலைப்பு. எதிரணித் தலைவர் வந்தார், பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளை, சோபா, கையில் தின்பண்டம், அம்மா குரல் என்று அவை முழுவதையும் கண்கலங்க வைத்தார், ஏக்கமெல்லாம் அந்தச் சாயங்காலத்துக்குத்தான், கார்ட்டூன் வெறும் சாக்கு என்று முடித்தார். போகிற போக்கில், இவர்கள் பார்த்ததே வெட்டி ஒட்டிய அமெரிக்கப் பதிப்பு, அசல் ஜப்பான் கதையைப் பார்க்காதவருக்குக் கதை மேல் என்ன ஏக்கம் என்றும் ஒரு குத்து.

அழகாகப் பேசினார், மறுக்கவில்லை. ஆனால் ஐயா, அதே சோபாவில் அதே பிள்ளை அதே தின்பண்டத்தோடு இன்னும் எத்தனையோ கார்ட்டூன் பார்த்தானே, அவற்றில் பாதிக்கு இன்று அவனுக்குப் பெயர்கூட நினைவில்லை. காலத்துக்குத்தான் ஏக்கம் என்றால் எல்லாவற்றுக்கும் சமமாக அல்லவா ஏங்க வேண்டும்? இதற்கு மட்டும் ஏன் தனி மரியாதை?

கதையைச் சொல்கிறேன், நீங்களே பாருங்கள். ஆண்டு 2199. கமிலான் என்ற எதிரிக் கிரகம் கதிர்வீச்சுக் குண்டுகளைப் பொழிந்து பூமியைச் சுட்ட செங்கல் மாதிரி ஆக்கிவிட்டது, கடல் வற்றிவிட்டது, மிச்சமிருக்கும் மனிதர்கள் நிலத்துக்கு அடியில் ஒளிந்து வாழ்கிறார்கள். அங்கேயும் கதிர்வீச்சு இறங்கிக்கொண்டே வருகிறது, ஒரு வருடம்தான் கெடு. 1,48,000 ஒளியாண்டு தூரத்தில் இஸ்காண்டார் என்ற கிரகத்தின் அரசி, கதிர்வீச்சை நீக்கும் கருவி தருகிறேன், வந்து வாங்கிக்கொள்ளுங்கள் என்று செய்தி அனுப்புகிறாள், அவ்வளவு தூரம் வருவதற்கான எஞ்சினின் வரைபடத்தையும் சேர்த்து. வற்றிய கடலின் தரையில் துருப்பிடித்துக் கிடக்கும் பழைய போர்க்கப்பலுக்குள்ளே விண்கப்பலைக் கட்டிக்கொண்டு புறப்படுகிறார்கள். ஒவ்வொரு பகுதி முடியும்போதும் இன்னும் இத்தனை நாள்தான் பாக்கி என்று அறிவிப்பு வரும்.

அந்த அறிவிப்புதான் ஐயா விஷயமே. அன்றைய அமெரிக்க கார்ட்டூன்களில் திங்கட்கிழமை யார் எப்படி அடிபட்டாலும் செவ்வாய்க்கிழமை எல்லோரும் பழையபடி சிரித்துக்கொண்டு நிற்பார்கள், எந்தப் பகுதியை எப்போது பார்த்தாலும் ஒன்றுதான். இது அப்படி இல்லை, வரிசையாகத்தான் பார்க்க வேண்டும். ஒருநாள் பல் டாக்டரிடம் போய்விட்டு வந்தால் கப்பல் எங்கேயோ போயிருக்கும், கெடுவில் நாள் குறைந்திருக்கும், யாராவது செத்துக்கூடப் போயிருப்பார்கள். பத்து வயசுப் பிள்ளையிடம், நேற்று நடந்தது இன்றைக்கும் உண்மைதான் என்று சொன்ன கார்ட்டூன் அது.

சாவு என்றதும் கேப்டன் அவதார் ஞாபகம் வருகிறார். (ஆமாம், பெயரே அதுதான், நாம் வைத்ததில்லை.) புளூட்டோ பக்கம் நடந்த போரில் பின்வாங்கச் சொல்லி அவர் உத்தரவிடுகிறார், ஒரு சின்னக் கப்பலின் தலைவன் மட்டும் மறுத்துவிட்டு, மற்றவர்கள் தப்பிக்க எதிரியைத் தடுத்து நிற்கிறான். அவனுடைய தம்பிதான் நம்ம நாயகன் டெரெக் வைல்ட்ஸ்டார். என் அண்ணனை விட்டுவிட்டு வந்தவர் இவர் என்ற ஆத்திரத்தோடேயே அதே கேப்டனிடம் வேலைக்குச் சேர்கிறான், மெல்ல மெல்ல அவரைத் தகப்பனாக ஏற்றுக்கொள்கிறான். கேப்டனுக்கோ உடம்பு முடியவில்லை. போய், கருவியை வாங்கி, திரும்பி, கடைசிப் பகுதியில் ஜன்னலில் பூமி தெரிகிறது. டாக்டரிடம் கொஞ்ச நேரம் தனியாக இருக்கிறேன் என்கிறார். கையில் குடும்பப் படம். பூமியைப் பார்க்கிறார், கண்ணில் நீர் வழிகிறது, கை தளர்ந்து படம் நழுவி விழுகிறது. இவ்வளவுதான் காட்சி. ஊரைக் காப்பாற்றியவர் ஊருக்குள் கால் வைக்கவில்லை. இதைப் பார்த்த பிள்ளைக்கு அன்று சாயங்காலம் என்ன தின்றோம் என்பதா ஞாபகம் இருக்கும்?

சரி, வெட்டி ஒட்டியது என்ற குற்றச்சாட்டுக்கு வருகிறேன். வெட்டினார்கள், உண்மைதான். அசலில் கப்பலின் பெயர் யமாட்டோ. 1945 ஏப்ரல் 7 அன்று ஒகினாவாவுக்குப் போகும் வழியில் அமெரிக்க விமானங்கள் மூழ்கடித்த, ஏறக்குறைய 3,000 பேரோடு போன ஜப்பானின் நிஜப் போர்க்கப்பல். அசல் தொடரில் வரும் அந்தப் போர்க்காட்சியை அமெரிக்காவில் நீக்கினார்கள், விண்கப்பலுக்கு ஆர்கோ என்று பெயர் மாற்றினார்கள். கப்பல் டாக்டர் எப்போதும் சாகே என்ற ஜப்பான் மதுவைக் குடித்துக்கொண்டிருப்பார், அதை ஊற்றுத் தண்ணீர் என்று மாற்றினார்கள்! ஊற்றுத் தண்ணீர் குடித்து ஒரு மனுஷன் மூக்கு சிவந்து தள்ளாடுவதைப் பார்த்தும் நம்பியிருந்தால் அந்தப் பிள்ளைகளை என்ன சொல்வது. ஆனால் சக வீரர்களின் இறுதிச்சடங்கை, மனித இனமே அழியப் போகிறது என்ற பயத்தை, கேப்டனின் சாவை விட்டுவைத்தார்கள். கத்தரி ஓரத்தில்தான் ஓடியது.

ஆழமாக வெட்டினால் எப்படியிருக்கும் என்பதற்கும் சாட்சி இருக்கிறது. ஒரு வருடம் முன்னால், 1978-ல், 'கட்சாமான்' என்ற ஜப்பான் தொடரை 'பேட்டில் ஆஃப் தி பிளானட்ஸ்' என்று மாற்றி ஒளிபரப்பினார்கள். அசலில் 105 பகுதி, அமெரிக்காவில் 85. ஸ்டார் வார்ஸ் என்ற விண்வெளிப் படம் ஓடிக்கொண்டிருந்த நேரம், அதனால் பூமியில் நடக்கும் சண்டையையெல்லாம் வேறு கிரகத்தில் நடப்பதாகச் சொன்னார்கள். வன்முறையை நீக்கிய இடத்தை நிரப்ப 7-சார்க்-7 என்ற ரோபோவைப் புதிதாக வரைந்து, அது உட்கார்ந்து வளவளவென்று விளக்கம் சொல்லும். அந்த ரோபோவை அப்படியே நேசிக்கிறவர்களும் உண்டு, இருக்கட்டும்.

எதிரணிக்கு என் கேள்வி இங்கேதான். வெறும் குழந்தைப் பருவ ஏக்கம் உள்ளவனுக்கு எது வேண்டும்? அன்று பார்த்தது அப்படியே வேண்டும், ஊற்றுத் தண்ணீரோடு, ரோபோவின் வளவளப்போடு. ஆனால் இவர்களில் பலர் வளர்ந்ததும் என்ன செய்தார்கள்? எது வெட்டப்பட்டது என்று தேடிப் போனார்கள். ஜப்பானில் பதிவு செய்த வீடியோ கேசட்டுகளைக் கைமாற்றி வாங்கினார்கள், இரண்டு நாட்டுக்கும் ஒரே வகை ஒளிபரப்பு முறை என்பதால் அவை அமெரிக்க வீட்டிலும் ஓடின. ஒரு வார்த்தை புரியாது, வசன வரிகள் கிடையாது, யாரோ தட்டச்சு செய்து கொடுத்த கதைச்சுருக்கத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து பார்த்தார்கள். தன் பிள்ளைப் பருவத்தில் இல்லவே இல்லாத காட்சிக்காக ஒருவன் இத்தனை பாடுபட்டால், அதைப் பிள்ளைப் பருவ ஏக்கம் என்று எந்தக் கணக்கில் சேர்ப்பது?

ஜப்பானையே எடுத்துக்கொள்ளுங்கள். 1974 அக்டோபரில் அசல் தொடரான யமாட்டோ தொடங்கியபோது, அதே நேரத்தில் வேறு சேனலில் 'ஹெய்டி' ஓடியது. ஆல்ப்ஸ் மலைச் சிறுமியிடம் விண்கப்பல் தோற்றது. திட்டமிட்டதைக் குறைத்து 26 பகுதியோடு முடித்தார்கள். ஆனால் 1977-ல் அதையே தொகுத்துத் திரைப்படமாக விட்டபோது, முதல் நாள் இரவே இளைஞர்கள் தியேட்டர் வாசலில் வரிசையில் நின்றார்கள். முடிந்து இரண்டரை வருடம்கூட ஆகவில்லை. அதற்குள் எந்தக் காலத்துக்கு ஏங்க முடியும்?

மணி அடித்துவிட்டார்கள், நடுவர் என்னையே பார்க்கிறார். இதோ முடிக்கிறேன். 2012-ல் இந்தக் கதையைப் புதிய ஓவியம், புதிய குரல்களோடு மறுபடி எடுத்தார்கள். பழைய சாயங்காலம் எதுவும் அதில் இல்லை, இருந்தும் பழைய ரசிகர்கள் ஆவலோடு போய்ப் பார்த்தார்கள். அடுத்துப் பேச வரும் எதிரணி அம்மையார் சோபாவையும் தின்பண்டத்தையும் கொஞ்சம் ஓரம் வைத்துவிட்டு, அவர்கள் எதைத் தேடிப் போனார்கள் என்பதற்கு மட்டும் பதில் சொல்லட்டும். நன்றி, வணக்கம்.