ஐந்தாம் படிவமும் அப்பாவின் ஷிப்டும்

[திரையில்: பாயான் லெப்பாஸ், மாலை ஏழு மணி. வரிசையாக வெளியேறும் தொழிற்சாலைப் பேருந்துகள்.]

மலேசியாவின் பினாங்கில் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டை 1972இல் தொடங்கியது. இன்றைக்கும் அங்கே பல தொழிற்சாலைகளில் 12 மணி நேர ஷிப்டுதான். காலை ஏழிலிருந்து இரவு ஏழு, இல்லையென்றால் இரவு ஏழிலிருந்து காலை ஏழு. நம்மவர்கள் பல வீடுகளில் அப்பாவோ அம்மாவோ, சில வீடுகளில் இருவருமே, இந்தக் கடிகாரப்படிதான் வாழ்கிறார்கள். அந்த வீட்டில், இடைநிலைப்பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம். எழுதப்போகும் ஐந்தாம் படிவப் பிள்ளை ஒன்று இருந்தால், அது எப்போது படிக்கலாம் என்பதையும் அந்த ஷிப்டு அட்டைதான் முடிவு செய்கிறது.

"அட்டவணை போட்டுப் படி" என்று உங்களுக்குச் சொல்லாதவர் இருக்க மாட்டார்கள். நீங்களும் போட்டிருப்பீர்கள். கலர் பேனாவில் கோடு கிழித்து, அலமாரிக் கதவில் ஒட்டி, இரண்டாவது வாரமே அது பொய்யாகியிருக்கும். சோம்பேறி என்று பேரும் வாங்கியிருப்பீர்கள். ஷிப்டு வேலை நடக்கும் வீட்டில் அதற்குப் பெரும்பாலும் சோம்பல் காரணமே இல்லை. வீட்டில் இரண்டு வகை வாரங்கள் நடக்கின்றன, நீங்கள் போட்டது ஒரே அட்டவணை.

[திரையில்: இரண்டு தாள்கள். ஒன்றில் "பகல் ஷிப்டு வாரம்", இன்னொன்றில் "இரவு ஷிப்டு வாரம்".]

அதனால் இரண்டு தாள் எடுங்கள். முதலில் படிப்பை எழுத வேண்டாம். உங்கள் கையில் இல்லாததை எழுதுங்கள்: பள்ளி நேரம், வேன் நேரம், தம்பியைத் தமிழ்ப்பள்ளியிலிருந்து கூட்டி வருவது, சோறு வைப்பது, பாட்டிக்கு மருந்து கொடுப்பது, கடையில் நிற்பது. கூச்சப்படாமல் எல்லாவற்றையும் எழுதுங்கள். "சும்மா அஞ்சு நிமிஷ வேலைதான்" என்று வீட்டில் சொல்வார்களே, அதையும் சேர்த்து.

இப்போது இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பகல் ஷிப்டு வாரத்தில் மாலை முழுக்கச் சத்தம். அப்பா வந்து, குளித்து, சாப்பிட்டு, டிவி அடங்கவே ஒன்பதரை ஆகிவிடும். இரவு ஷிப்டு வாரத்தில் நிலைமை தலைகீழ். அப்பா பகலில் தூங்குவதால் மதியம் வீட்டில் யாரும் சத்தம் போடக் கூடாது. டிவி கிடையாது, தம்பியும் வாயைத் திறக்க மாட்டான். பள்ளி விட்டு வந்த களைப்பில் அந்த நேரத்தில் ஃபோனோடு படுத்துவிடுகிறோம். உண்மையில் அந்த வாரத்தில் வீடு உங்களுக்குத் தரும் ஒரே அமைதி அதுதான். ஏழு மணிக்கு மேல் வீட்டில் ஒரு பெரியவர் குறைந்துவிடுவார், வேலை உங்கள் தலையில் விழும்.

கூடுதல் கணிதம், மலாய்க் கட்டுரை மாதிரி மூளை முழுதாக வேண்டிய பாடங்களை அந்த அமைதியான நேரத்தில் வையுங்கள். மிச்சமிருக்கும் துண்டு நேரங்களில், அதாவது சோறு வேகும்போதும் வேனில் உட்கார்ந்திருக்கும்போதும், புத்தகத்தைத் திறக்காதீர்கள். மூடி வைத்துவிட்டு, நேற்றுப் படித்த வரலாற்றுப் பாடத்தில் என்ன நினைவிருக்கிறது என்று உங்களையே கேளுங்கள். 2006இல் ரோடிகர், கார்பிக்கி என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துத் தேர்வு வைத்தபோது, திரும்பத் திரும்ப வாசித்தவர்கள் முன்னால் இருந்தார்கள். ஒரு வாரம் கழித்து வைத்தபோது, புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் முந்திவிட்டார்கள். அடுப்படியில் நின்றபடியே செய்யக்கூடிய படிப்பு இது.

[திரையில்: ஒரு கடிகாரம். பள்ளி நேரம் ஒரு நிறத்தில், வேலை நேரம் இன்னொரு நிறத்தில்.]

அடுத்தது பகுதிநேர வேலை. மாமாக் சாப்பாட்டுக் கடை, பாசார் மாலாம் என்ற இரவுச் சந்தை, மினி மார்க்கெட் கல்லா. வீட்டுக் கஷ்டத்துக்காகப் போகிறவர்களிடம் "போகாதே" என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் சட்டம் என்ன சொல்கிறது என்று தெரிந்துகொண்டு போங்கள், ஏனென்றால் முதலாளி சொல்ல மாட்டார்.

1966ஆம் ஆண்டுச் சிறார், இளையோர் வேலைவாய்ப்புச் சட்டம் 15 வயது முதல் 18 நிறையாதவர்களை இளையோர் என்கிறது. பொதுவான விதி இது: இரவு எட்டிலிருந்து காலை ஆறு வரை வேலை வாங்கக் கூடாது. தொடர்ந்து நான்கு மணி நேரம் வேலை செய்தால் அரை மணி நேரமாவது ஓய்வு தர வேண்டும். வாரத்தில் ஆறு நாளுக்கு மேல் கூடாது. பள்ளியில் படிப்பவர் என்றால், பள்ளி நேரத்தையும் வேலை நேரத்தையும் கூட்டினால் ஒரு நாளைக்கு எட்டு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது.

கணக்குப் போடுங்கள். காலை ஏழரைக்கு மணி அடித்து, மதியம் இரண்டுக்குப் பள்ளி விட்டால் ஆறரை மணி நேரம் போய்விட்டது. பள்ளி நாளில் நீங்கள் வேலை செய்யலாம் என்று சட்டம் விடுவது ஒன்றரை மணி நேரம்தான். "ஆறிலிருந்து பதினொன்று வரை நில்லு" என்று ஒருவர் சொன்னால், அவர் இரண்டு விதிகளை ஒரே வாக்கியத்தில் மீறுகிறார். முதல் படிவத்துக்கு முன் பெராலிஹான் என்ற புகுமுக வகுப்பில் ஓராண்டு இருந்து வந்தவர்களுக்கு ஐந்தாம் படிவத்திலேயே 18 நிறைந்துவிடும். இந்தப் பாதுகாப்பு அவர்களுக்கு இல்லை. அப்படிப்பட்டவர்கள் தாங்களே வரம்பு போட்டுக்கொள்ள வேண்டியதுதான். சனி ஞாயிறோடு நிறுத்திக்கொள்ள முடிந்தால் நல்லது.

பாடங்களுக்கு வருவோம். எல்லாப் பாடத்தையும் ஒரே மாதிரி பார்க்காதீர்கள். மலாய் மொழியும், 2013 முதல் வரலாறும் தேர்ச்சி பெறாவிட்டால் எஸ்.பி.எம். சான்றிதழே கிடையாது. மற்றதில் எத்தனை ஏ இருந்தாலும் சரி. தமிழ்ப்பள்ளியிலிருந்து வந்த பலருக்கு மலாய்க் கட்டுரைதான் கண்டம் என்பது நமக்குள் தெரிந்த விஷயம். வீட்டு வேலை கழுத்தை நெரிக்கும் வாரத்திலும் இந்த இரண்டை மட்டும் விடாதீர்கள்.

தமிழை எடுக்கலாமா என்று கேட்கிறார்கள். தமிழ்மொழியை எடுங்கள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. தமிழ் இலக்கியத்துக்கு மட்டும் யோசித்துப் பதில் சொல்வேன். சொல்லித்தர ஆசிரியர் இருந்து, சனிக்கிழமை வகுப்புக்குப் போகவும் முடிந்தால் தாராளமாக எடுங்கள். மற்றவர்கள் எடுக்கிறார்கள் என்பதற்காக எடுத்து, மாதக்கணக்கில் புத்தகத்தைத் திறக்காமல் இருப்பதில் பெருமை ஒன்றும் இல்லை. தேர்வுக்குப் பதியும் முன் முடிவு செய்துவிடுங்கள்.

டியூஷனுக்குப் போய் உட்கார்வது படிப்பில் சேராது, வந்து நீங்களாகப் போட்டுப் பார்ப்பதுதான் சேரும். புறப்பாட நடவடிக்கைக்கு அரசாங்கப் பல்கலைக்கழக நுழைவில் 10 விழுக்காடு, கல்விக்கு 90. அந்தப் பத்துக்காக மூன்று சங்கத்தில் செயலாளராக இருக்க வேண்டாம்.

[திரையில்: சமையலறை. அம்மாவும் மகளும்.]

கடினமான பகுதி வீட்டில் பேசுவது. "எனக்குப் படிக்கணும், வேலை சொல்லாதீங்க" என்று ஆரம்பித்தால் சண்டையில்தான் முடியும். அந்த இரண்டு தாளைக் காட்டி, ஒன்றைக் கேட்டு ஒன்றைக் கொடுங்கள்.

"அம்மா, செவ்வாயும் வியாழனும் எட்டரையிலருந்து பத்து வரைக்கும் தம்பிய நீங்க பாத்துக்குங்க. பாத்திரத்த நான் காலையில கழுவிடறேன்."

நாளும் நேரமும் சொல்லிக் கேட்டால், களைத்து வந்த அம்மாவால்கூட சரி என்று சொல்ல முடியும். வீட்டில் அண்ணன் இருந்தால் அவர் பெயரையும் அந்தத் தாளில் எழுதுங்கள். அண்ணன் ஃபுட்சால் போவார், தங்கை சட்டி கழுவுவாள் என்பது எந்தச் சாமியும் போட்ட கட்டளை இல்லை.

தூக்கத்தில் கை வைக்காதீர்கள். அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகம் 13 முதல் 18 வயதினருக்கு எட்டிலிருந்து பத்து மணி நேரம் வேண்டும் என்கிறது. ஷிப்டு வீட்டில் பத்து கனவுதான். எட்டுக்காவது போராடுங்கள்.

[திரையில்: நாள்காட்டி. ஜனவரியிலிருந்து நவம்பர்.]

இன்னொன்று. அண்ணன் அக்காவின் ஆண்டுக் கணக்கை வைத்துத் திட்டம் போடாதீர்கள். 2020 தேர்விலிருந்து சில ஆண்டுகள் எஸ்.பி.எம். மறு ஆண்டுத் தொடக்கத்துக்குத் தள்ளிப்போயிருந்தது. 2025 தேர்வோடு அது மறுபடி நவம்பருக்கு வந்துவிட்டது. அதனால் தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போங்கள், பந்தலில் நின்று தண்ணீர் கொடுங்கள். தேர்வுக்கு இன்னும் மாதக்கணக்கில் இருக்கிறது, குற்ற உணர்ச்சி தேவையில்லை. தீபாவளிதான் தேர்வை ஒட்டி வரும். முறுக்கு சுடுவதற்கு எந்த மாலை உங்களுடையது என்று முன்கூட்டியே அம்மாவிடம் கேட்டு வையுங்கள். மற்ற மாலைகளைக் கேட்டு வாங்குங்கள்.

எஸ்.பி.எம்.முக்கு முன் பள்ளி வைக்கும் டிரையல் தேர்வு முடிந்த அன்றே செய்ய வேண்டியவை சில. கடை முதலாளியிடம் எந்தத் தேதியோடு நிற்கிறீர்கள் என்று சொல்லிவிடுங்கள், கடைசி நேரத்தில் சொன்னால் சம்பளத்தில் இழுத்தடிப்பார்கள். தேர்வு அட்டவணையை அப்பாவின் ஷிப்டு அட்டைக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள். இரவு ஷிப்டு விழும் தேர்வு நாட்களில் காலையில் யார் உங்களைப் பள்ளியில் விடுவது என்று இப்போதே பேசுங்கள். பக்கத்து வீட்டு அங்கிளின் மோட்டாரா, பள்ளி வேனா? வாய்மொழித் தேர்வு எழுத்துத் தேர்வுக்கு முன்பே வரும், அந்த நாளையும் மறக்காமல் குறியுங்கள்.

வீட்டில் யாருக்காவது உடம்பு முடியாமல் போய், தாள் இரண்டும் உதவாத நிலை வந்தால் பள்ளி ஆலோசனை ஆசிரியரிடம் அந்த வாரமே சொல்லுங்கள், மதிப்பெண் இறங்கும் வரை காத்திருக்க வேண்டாம். வீட்டுக்குள்ளேயே பேச முடியாத பிரச்சினை என்றால் அரசாங்க உதவித் தொலைபேசி தாலியான் காசே, 15999. இரவிலும் எடுப்பார்கள்.